கடைக்காரரும் நான் சொல்லாத நன்றியும்

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டபோது என் இடது கையில் வீட்டுச் சாவி இருந்தது. புதுச் சாவி. மஞ்சள் நூலில் ஒரு சின்ன அட்டையைக் கட்டி, அதில் ஒன்பது என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். உள்ளங்கை வியர்வையில் அந்த ஒன்பது கலங்கிப் போயிருந்தது.

"அடுத்ததாக நன்றியுரை. எங்கள் மாதர் சங்கத் தலைவி திருமதி சரஸ்வதி அவர்கள்!"

மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்து மாலை, ஐந்து பொன்னாடை. கீழே பந்தலின் முன்வரிசையில் பதினாறு குடும்பங்கள், எல்லார் கையிலும் சாவி. பெண்கள் பால் காய்ச்சப் புதுப் பானையை மடியில் வைத்திருந்தார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

கடைசியில், பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு செல்லம்மா அக்கா நின்றார். அவர் கையில் சாவி இல்லை. அவருக்குப் பக்கத்தில் முனியாண்டியும் அவன் மனைவியும். அவர்களுக்கும் இல்லை. விழா முடிந்ததும் நாங்கள் பதினாறு குடும்பமும் புது வீட்டுக்குள் போவோம். இந்த இரண்டு குடும்பம் மட்டும் மேலே, மலை வெடித்து நிற்கிற பழைய லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டக் கமிட்டித் தலைவர் ராமையா என் காதருகே குனிந்தார். "புள்ள, ரெண்டே நிமிசம். நன்றிய மட்டும் சொல்லிட்டு எறங்கிரு. கரண்டு இன்னும் குடுக்கல, அத ஞாபகம் வச்சுக்க."

மேடைக்கு மூன்று பலகைப் படிகள். அந்த மூன்று படி ஏறுவதற்குள் என் நினைவுக்கு வந்தவர் ஒரு அமெரிக்கர். அவர் செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அடுப்பு விசிற வந்த புத்தகம்

சிரிக்காதீர்கள். எனக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரரே இன்றைக்கும் கேட்கிறார். ஆனால் அந்த மனிதரை வீட்டுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

அவர் பெயர் ராஜலிங்கம். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஒருமுறை உத்தியோகத்தர் கிளப்பைச் சுத்தம் செய்தபோது பழைய புத்தகங்களை வெளியே எறிந்தார்களாம். அதில் ஒன்றை எடுத்து வந்தார். வாசிக்க இல்லை. "அட்ட நல்லா கெட்டியா இருக்கு. அடுப்பு விசிற ஆகும்" என்றார்.

பெரிய பேச்சாளர்களைப் பற்றிய தமிழ்ப் புத்தகம் அது. முன்னட்டை இருந்தது, பின்பாதியை எலி தின்றிருந்தது. நான் அதை வைத்து விசிறியதைவிட அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாசித்ததுதான் அதிகம். சோறு இரண்டு நாள் தீய்ந்தது.

அதில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். புகையிலைத் தோட்டங்கள் நிறைந்த ஊரில் பிறந்தவர். பதினைந்து பதினாறு வயதிலேயே அப்பா ஒரு கடை வைத்துக் கொடுத்தார். கடை படுத்துவிட்டது. கல்யாணம் செய்து விவசாயம் பார்த்தார். வீடு எரிந்துபோனது. மறுபடி ஒரு கடை வைத்தார். அதுவும் படுத்துவிட்டது. மாமனாரின் விடுதியில் வந்துபோகிறவர்களுக்குப் பரிமாறிக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சட்டப் புத்தகத்தைத் தானாகவே படித்தார். சில மாதம்தான். பரீட்சை வைத்தவர்கள் அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார்களாம். அந்த ஆள் வாயைத் திறந்தபோதுதான் அவர் யார் என்று ஊருக்கே தெரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு வரி போட்ட ராஜாவை எதிர்த்து, சபைக்குப் புதிதாக வந்த சில நாளிலேயே எழுந்து நின்றார். பெரிய மனிதர்கள் ராஜத்துரோகம் என்று கத்தினார்கள். அவர் உட்காரவில்லை.

கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்து, படிப்பை விட்டுக் கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். எதிலும் தேறாத ஒருவரைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் கடைக்காரர் என்று வைத்தோம். அந்தப் பெயரிலேயே இங்கும் எழுதுகிறேன். மாலையில் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "என்ன, ஒன் கடக்காரரு இன்னைக்கு எந்தக் கடைய மூடுனாரு?"

கொழுந்து பறிக்கும்போது நான் தேயிலைச் செடிகளிடம் பேசிப் பழகினேன். மெதுவாகத்தான். ஆனால் கங்காணிக்குக் கேட்டுவிட்டது. "சரசு, கொழுந்தப் பாத்துக் கிள்ளு. செடி எங்கயும் ஓடிறாது, பொறகு பேசலாம்" என்றார். ஒரு நிரையே சிரித்தது.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத வரி

மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் ஆட்களோடு மண்ணுக்குள் போன பிறகு எங்கள் பக்கத்தில் மழை என்றால் யாரும் மழையைப் பார்ப்பதில்லை. மலையைத்தான் பார்ப்போம்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. கையை நீட்டி உள்ளே விடலாம், அவ்வளவு அகலம். அரசாங்க ஆட்கள் வந்து பார்த்தார்கள், கல்லில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், உடனே வெளியேறுங்கள் என்றார்கள். பதினெட்டுக் குடும்பமும் பிள்ளைக்காம்பராவில் போய் ஒதுங்கினோம். அம்மாமார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் மண்டபம் அது. சில வாரத்தில் மழை விட்டது. திரும்பிப் போகலாம் என்றார்கள். வெடிப்பு அப்படியே இருந்தது. நாங்கள்தான் திரும்பிப் போனோம்.

விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சமதரை இருக்கிறது. அங்கே வீடு கட்டித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். ஆபீசுக்கு எத்தனையோ தரம் நடந்த பிறகு மேலிடத்துப் பெரியவர்கள் வரச் சம்மதித்தார்கள். தோட்டமே திருவிழா போல ஆனது. பிள்ளைகளுக்கு நடனம் பழக்கினோம். பண்டாரவளையிலிருந்து மாலை வந்தது. பொன்னாடைக்கு ஒரு ஆளைப் பதுளைக்கே அனுப்பினோம்.

அன்றைக்கு, விளக்கேற்றி முடிந்த நேரத்தில்தான் ராமையா நிகழ்ச்சி நிரலை என் கையில் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. விளக்கேற்றல், மாலை அணிவித்தல், பொன்னாடை, வரவேற்புரை, வரவேற்பு நடனம், தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை.

மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தேன். "தலைவரே, நம்ம வீடு கேக்குறது இதுல எங்க இருக்கு?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அட, எல்லாத்தையும் போட்டேனே!"

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் துரைக்கு நேருக்கு நேர் நின்று பேசியவர். ஆனால் பெரியவர்கள் வந்தால் முதலில் வரவேற்க வேண்டும், கடைசியில் நன்றி சொல்ல வேண்டும், நடுவில் அவர்கள் பேசுவார்கள். இதுதான் எங்களுக்குப் பழக்கம். நாங்கள் கேட்பதற்கு ஒரு வரி வேண்டும் என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடனம் பழக்கிக் கைகொட்டிக்கொண்டு நின்ற எனக்கும்தான்.

நன்றியுரை மட்டும் என்னிடம் இருந்தது. அதை எப்போதும் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பார்கள். கூட்டம் கலையத் தொடங்கி, நாற்காலி இழுபடுகிற சத்தத்தில் பேசப்படுகிற பேச்சு அது.

மைக்கைப் பிடித்தேன். தேயிலைச் செடிகளிடம் பேசிய பேச்சு ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"ஐயாமாரே, நன்றி சொல்லத்தான் என்னயக் கூப்புட்டாங்க. நன்றி சொல்றதுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலைங்க. நடந்ததும் நானே வந்து சொல்றேன். இப்ப அந்த வெடிப்புக்குக் கீழ தூங்குறவங்க பேரச் சொல்றேன். கொஞ்சம் உக்காந்து கேளுங்க."

ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பதினெட்டுக் குடும்பத்தின் பேரையும் சொன்னேன். கைப்பிள்ளைகளின் பேர் உட்பட. செல்லம்மா அக்கா பேரும் முனியாண்டி பேரும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு ஒருவரும் நாற்காலியை இழுக்கவில்லை. வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார்.

"வீடு கட்டித் தர்றோம்னு எழுதிக் குடுங்க ஐயா" என்றேன்.

எழுதிக் கொடுத்தார்கள். வீடு எழும்ப வருடங்கள் ஆயின. அது வேறு கதை.

வீசாத பொன்னாடை

நான் அன்றைக்குப் பொன்னாடையை வீசி எறிந்தேன் என்று ஒரு பேச்சு உண்டு. பண்டாரவளைச் சந்தையில் கோவா, அதாவது முட்டைக்கோஸ் நிறுத்துக்கொண்டே ஒருவர் அதை என்னிடமே சொன்னார், நான்தான் அந்தப் பெண் என்று தெரியாமல். இந்தப் பத்திரிகையில் போன வாரம் வந்த என் தொடரைப் படித்த பதுளை வாசகி ஒருவரும் அதையே கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, நான் வீசவில்லை. எனக்குக் கொடுத்த ஒரு பொன்னாடையை, பேர் எழுதிய தாள் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் மடித்து வைத்தேன். அவ்வளவுதான்.

கடைக்காரருக்கும் இதே கதைதான். அவருடைய பெரிய பேச்சு ஒரு தேவாலயத்துக்குள் நடந்தது. அதன் கடைசி வரி உலகத்துக்கே தெரியும் என்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, கேட்டிருந்த கிழவர்களின் நினைவைக் கிளறித்தான் எழுதினார்களாம். அந்த வரியை நான் இங்கே எழுதாமல் விடுவதற்கு அதுதான் காரணம். கோவா விற்றவர்போல எத்தனை பேர் அதில் கை வைத்தார்களோ!

எல்லயிலிருந்து வந்த போன்

எங்கள் மகள் கவிதா எல்ல என்கிற ஊரில் ஒரு சுற்றுலா விடுதியில் வேலை செய்கிறாள். வீடு திறக்கிற விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் எடுத்தாள். அவளுடைய விடுதியில் ஒரு அமெரிக்க அம்மா தங்கியிருந்தார். சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எலி தின்ற பக்கத்தில் என்ன இருந்தது என்று இவள் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, ஒங்க கடக்காரரு ஆள் வச்சிருந்தாராம்."

"வச்சிருந்தா என்ன? நம்ம தொரையும்தான் வச்சிருக்காரு."

"சம்பளத்துக்கு இல்லம்மா. அடிமைங்க. கல்யாணத்துக்கு நெலத்தோட சேத்து ஆறு பேரச் சீதனமாக் குடுத்தாங்களாம். பொறகு இன்னும் நெறையப் பேராம். சாகுற வரைக்கும் விடலையாம்."

நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? அது தப்புன்னு அவருக்கே தெரியுமாம். ஒரு கூட்டாளிக்குக் கடுதாசியில எழுதியிருக்காராம். ஆனா அவங்க இல்லாம இருக்குறது வசதிப்படாதாம்."

வசதிப்படாதாம்!

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். தெரியாதவனை மன்னிக்கலாம். இவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தேவாலயத்துக்குள் விடுதலை பற்றி முழங்கியபோது வெளியே குதிரைகளைப் பிடித்துக்கொண்டு யார் நின்றிருப்பார்கள்? எங்கள் முன்னோர் திருச்சிப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் காடு வழியே நடந்து வந்தவர்கள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் குதிரையைப் பிடித்து நின்றவர் எந்தப் பக்கத்து மனிதர் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புத்தகத்தைத் தூக்கி விறகுக் கட்டின்மேல் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இப்பவாவது அடுப்பு விசிற விடுவியா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

செக்ரோலில் இல்லாத இரண்டு பேர்

அதே வாரம்தான் பதினாறு பேர் பட்டியல் வந்தது. தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலைக்காரர் பெயர்ப் பதிவை வைத்துத் தயாரித்தது. செல்லம்மா அக்கா நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றுவிட்டார். முனியாண்டி தோட்டத்து வேலையை விட்டுப் பண்டாரவளையில் மரக்கறி மூட்டை தூக்குகிறான். இருவரும் குடியிருப்பது அதே லயத்தில், அதே வெடிப்புக்குக் கீழே. ஆனால் பதிவில் பேர் இல்லை.

நானும் ராமையாவும் ஆபீசுக்கு நடந்தோம். அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அந்த அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டதற்கு, முதலில் விழாவை நல்லபடியாக முடியுங்கள் என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று வீடு திரும்பி நான் நன்றியுரை எழுதினேன். நல்லாவே எழுதினேன். ஒன்பதாம் நம்பர் வீட்டின் ஜன்னலுக்கு என்ன நிறத் துணி போடலாம் என்று மனம் ஒரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்காக நாளைக்குப் பேசலாம், இன்றைக்குக் கரண்டு வரட்டும், வீணாக ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும்?

விழா அன்று காலையில் அக்காவே வந்தார். "சரசு, நன்றியச் சொல்லிரு. எனக்காக ஒன் வீட்டுக் கரண்டக் கெடுத்துக்காத" என்றார். எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது படி

முதல் படியில் கால் வைத்தபோது எனக்குத் தெரிந்தது, தப்பு என்று. இரண்டாவது படியில், தெரிந்தும் வசதிக்காகச் சும்மா இருந்தவர் ஒருவரை ஒரு வாரமாக நான் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. மூன்றாவது படியில், எழுதிய தாளை மடித்து இடுப்பில் செருகினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். போன தரம் இந்த மைக்குல, வேல நடந்ததும் நானே வந்து நன்றி சொல்றேன்னு சொன்னேன். அன்னைக்குப் பதினெட்டுக் குடும்பத்தோட பேரச் சொன்னேன். பதினாறு சாவி வந்துருக்கு. ரொம்ப சந்தோசம். ஆனா நன்றியப் பங்கு போட்டுச் சொல்ல முடியாதுங்க. மிச்சம் ரெண்டு சாவியும் வரட்டும், முழுசாச் சொல்றேன்."

ராமையா கையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

"அதுவரைக்கும் அந்த ரெண்டு குடும்பமும் வெடிப்புக்குக் கீழ படுக்காது. செல்லம்மா அக்கா எங்க ஒன்பதாம் நம்பருக்கு வர்றாங்க."

வீட்டுக்காரரைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்தார். பிறகு எழுந்து போய், அக்கா காலடியில் இருந்த துணி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் எனக்குச் செய்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

முனியாண்டி குடும்பத்துக்கு என்ன சொல்வது? அதை நான் யோசித்திருக்கவே இல்லை. இருக்கிறது இரண்டே அறை. மைக்கைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தேன்.

"பதினொண்ணு!" என்று ஒரு குரல். இடுப்பில் பிள்ளையோடு பாக்கியம் எழுந்து நின்றாள். முனியாண்டி குடும்பத்தோடு தண்ணீர்ப் பீலியில் தினமும் சண்டை பிடிப்பவள். "அவுக பதினொண்ணுக்கு வரட்டும். எங்க வீட்டுல எடம் இருக்கு!"

எடம் எங்கே இருக்கிறது? ஐந்து பேர் இருக்கிற வீடு. ஆனாலும் சொன்னாள்.

மேடையில் இருந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்குக் கண்ணாடி துடைத்த மூத்தவர் இறங்கும்போது ராமையாவிடம் அந்த இரண்டு பேரையும் எழுதி வாங்கிக்கொண்டு போனார். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், ஒன்பதாம் நம்பர் வீட்டில் பால் பொங்கியது. பானையை இறக்கியது செல்லம்மா அக்கா.

வசதிப்படாத வீடு

கரண்டு ஒரு மாதம் பிந்தி வந்தது. என் பேச்சால் பிந்தியதா, வழக்கம்போலப் பிந்தியதா, தெரியாது. பதினாலாம் நம்பர்க்காரர் என்னால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். ராமையா இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரி: கோரிக்கை. விளக்கேற்றலே அதற்குக் கீழேதான் இருந்தது.

அக்கா எங்களோடுதான் இருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறார். ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வைக்கிறார். நான் அரைத்த சம்பலில் எனக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு மிளகாய் போடுகிறார். வீட்டுக்காரர் நடையில் படுக்கிறார், அவருடைய முதுகுவலி எனக்கும் மனப்பாடம். ஜன்னல் துணியின் நிறத்தில்கூட எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை.

வசதிப்படவில்லைதான். சில நாள் கோபத்தில் வெளியே போய் நின்றுவிடுவேன். அப்போது கடைக்காரரை நினைப்பேன். அவ்வளவு பெரிய வாயும் அவ்வளவு தைரியமும் இருந்து, இதைத்தானா உங்களால் தாங்க முடியவில்லை? புத்தகத்தை நான் எரிக்கவில்லை. அவர் எழுந்து நின்ற பக்கமும் எனக்கு வேண்டும், எலி தின்ற பக்கமும் வேண்டும்.

நானும் ராமையாவும் ஆபீசுக்கு நடந்துகொண்டே இருக்கிறோம். போன மாதம் சமதரையின் ஓரத்தில் இரண்டு வீட்டுக்கு நூல் பிடித்து, அத்திவாரம் வெட்டினார்கள். பிறகு மழை. குழி இரண்டிலும் தண்ணீர் நிற்கிறது, வேலையாட்கள் இன்னும் திரும்பவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.

நேற்று அக்கா முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"அந்த நன்றித் தாள் எங்க வச்சிருக்க?"

"அரிசி டின்னுக்கு அடியில. ஒங்க வீட்டு வாசல்ல நின்னுதான் வாசிப்பேன்."

"அதுக்குள்ள பூச்சி தின்னுரும் புள்ள."

"தின்னட்டும்க்கா. வேற எழுதுறேன்."